முத்திரை வைத்த கடல்

கருப்பு சர்க்காரிடம் கேட்டது மூன்று பொந்து. காசு பணம் கேட்கவில்லை, காடு கரை கேட்கவில்லை. புதிதாகப் போட்ட ரோட்டுக்கு அடியில் தண்ணீர் நுழைந்து போக மூன்று பொந்து. பாலம் கட்டுகிறவர்கள் அதைக் கண் என்பார்கள். ரோட்டுக்குப் போட்ட படத்தில் மூணு கண் பாலம் ஒன்று இருந்ததாம். ரோட்டில் இல்லை. நடுவழியில் அது எங்கே தொலைந்தது என்று விசாரிக்கப் போனால் பெரிய பெரிய வீடுகளின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். நமக்கு எதற்கு?

சமணமலையில் விழுகிற மழையும் நாகமலையில் விழுகிற மழையும் சேர்ந்து இறங்குகிற இடத்தில் ஒரு கண்மாய். கண்மாய்க்குக் கீழே முப்பது கூரை. அதுதான் பள்ளமடை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து ஓடையில் விழும். ஓடை கூரைகளை ஒட்டி வளைந்து கிழக்கே மதுரைப் பக்கம் போய்விடும். எத்தனையோ தலைமுறையாகத் தண்ணீர் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு யாரும் ஆபீஸ் வைக்கவில்லை. பிறகு மலையில் கல்லுடைக்கிற காண்டிராக்டரின் லாரி போய்வர, ஓடைக்குக் குறுக்கே ஆளுயரம் மண்ணைக் கொட்டி ரோடு போட்டார்கள். நல்ல ரோடு. குறை சொல்லக் கூடாது. தண்ணீர்கூட அதைத் தாண்ட முடியாது.

முதல் ஐப்பசியிலேயே தெரிந்துபோயிற்று. ஓடைத் தண்ணீர் ரோட்டில் முட்டித் திரும்பி வந்து கூரைகளுக்குள் புகுந்தது. தொடையளவு. கால் உள்ளவர்கள் மலையடிப் பாறைக்கு ஓடினார்கள். கருப்பு தன் பெண்சாதி முருகம்மாளை முதுகில் சேலையால் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது. பதினேழு வருஷத்துக்கு முன்னே பிள்ளை பெற்ற காய்ச்சலில் பிள்ளையும் போயிற்று, கால்களும் போயின. கைகள் மட்டும் இரும்பு. உட்கார்ந்த இடத்திலேயே நாளுக்கு ஒரு மூட்டைப் புளி தட்டிக் கொட்டை எடுத்துவிடுவாள்.

"என்னைய எறக்கி வச்சுட்டு ஆட்டைப் போயி அவுத்து விடுய்யா" என்றாள் முதுகிலிருந்து.

"ஆடு நீந்தும்டி. நீ நீந்துவியா?"

"கையால நீந்துவேன்."

அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பேயாண்டி வந்தார். கண்மாய்க்குக் கீழே அவருக்கு நாலு குறுக்கம் நஞ்சை. கருப்பு அவரிடம்தான் வேலை பார்த்தான். அவர் நெல்லும் முழுகிப் போயிருந்தது.

"அடே கருப்பு, நாலு மம்பட்டி, ஒரு பொழுது. முடிஞ்சது சோலி. மழையில ரோடு தானா ஒடஞ்சிருச்சும்போம். எவன் வந்து கேப்பான்?"

"ஒங்களுக்கென்னய்யா. ஒங்களப் புடிச்சா வக்கீலு வருவாரு. என்னையப் புடிச்சா அவளத் தூக்க யாரு வருவா?"

பேயாண்டி மீசையைத் தடவினார். "அப்ப மனு எழுது. எழுதிக் கெட்டுப் போ" என்றார்.

கருப்பு மனு எழுதினான். அதாவது எழுதவைத்து ரேகை வைத்தான். அந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் வடக்கு வெளி வீதியில் ஒரு மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. மாடியில் ஒரு புது ஆபீஸ். கடலோரப் பட்டண வெள்ளத் தடுப்புத் திட்ட உள்நாட்டு விஸ்தரிப்பு ஸ்பெஷல் ஆபீஸ். பெயர்ப்பலகை தன் சுவர் போதாமல் அடுத்த வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஜனங்கள் வெள்ள ஆபீஸ் என்பார்கள்.

அது மதுரைக்கு வந்த விதம் இப்படி. தூரத்தில் ஒரு கடலோரப் பட்டணம். அங்கே புயல் அடித்து ஊர் முழுகிற்று. ஒரு திட்டம் போட்டார்கள். அந்தப் பட்டணத்துக்கு அது சரியான திட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. அங்கே சாக்கடையும் வாய்க்காலும் கடலில் போய் விழுகின்றன. கடல் ஏறியிருக்கிற நேரம் வாய்க்காலின் வாயைத் திறந்தால் கடல் ஊருக்குள் வந்துவிடும். இறங்கின பிறகு திறந்தால் மழைத்தண்ணீர் ஓடிவிடும். அதனால் கடல் எவ்வளவு தூரம், எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எல்லாவற்றையும் கடலிலிருந்தே தொடங்கினார்கள். திட்டம் மேலே யாருக்கோ மிகவும் பிடித்துப்போயிற்று. இனி எல்லா ஊருக்கும் இதுவே என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவு போட்ட துரையைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லா ஊரையும் ஒன்றாகப் பார்த்தார்.

கருப்பைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, தலைமைக் குமாஸ்தா சொக்கலிங்கம் கேள்வித்தாளை விரித்தார். மொத்தம் நாற்பத்தொரு கேள்வி.

"ஒண்ணு. கடல் ஊருலருந்து எம்புட்டுத் தூரம்?"

"எங்கூருல கடல் இல்லையே சாமி."

"இல்லைன்னு எழுத எடமில்லப்பா. மைல் போடத்தான் கட்டம் இருக்கு."

"கண்மா இருக்கு சாமி. கூப்பிடு தூரந்தான்."

"கண்மாய்க்குக் கேள்வி இல்ல."

"எனக்கு மூணு கண்ணு வேணும் சாமி. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

"அது நாப்பத்தொண்ணாவது கேள்வி. 'மனுதாரருக்கு என்ன வேண்டும்?' இந்தா, இருக்குப் பாரு. நாங்க மறக்கல. ஆனா வரிசையா வரணும். ஒண்ணுல நிக்கிறவன் நாப்பத்தொண்ணுக்குத் தாவினா, நடுவுல நாங்க எதுக்கு இருக்கோம்?"

கருப்பு தலையைச் சொறிந்தான். "உப்பு ஏத்தப் போற வண்டிக்காரவுக மூணு நாளுப் பயணம்னு சொல்லுவாக சாமி."

"மாடு நடக்கிற நாளையெல்லாம் எழுத முடியாது. சங்கிலி போட்டு அளக்கணும்" என்றார் சொக்கலிங்கம்.

அளந்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடற்கரையில் ஒரு முளையை அடித்து, அங்கிருந்து இரும்புச் சங்கிலியை நீட்டி, மடக்கி, நீட்டி, மடக்கி, நாலு பேர் மேற்கே பார்த்து வந்தார்கள். மாசியில் புறப்பட்டவர்கள் சித்திரைத் திருவிழாவுக்கு ஜில்லா எல்லைக்கு வந்துவிட்டார்கள். எல்லைக்கல்லில் சங்கிலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இதற்கு மேல் இந்த ஜில்லாச் சங்கிலிதான் வர வேண்டும் என்பது விதி. இந்த ஜில்லாச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்திருந்தது. வளையம் ஒன்றுக்கு உத்தரவு வாங்க வைகாசியும் ஆனியும் போயின. ஆடிக் காற்றில் மீதியை அளந்து, கடைசி முளையை மனுதாரர் வாசலில் அடித்தார்கள். கருப்பு வீட்டுக் கோழி அதன் மேல் ஏறி நின்றது.

கடல் பக்கத்து அளவை ஒப்படைக்க அந்த நாலு பேரில் சோலை என்பவன் மட்டும் கூடவே வந்திருந்தான். முருகம்மாள் அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கஞ்சிக்கு அவனைச் சும்மா விடவில்லை.

"கடலு எப்பிடிண்ணே இருக்கும்?"

"கெடக்கும் தங்கச்சி. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"நம்ம கண்மா மாதிரி நாலு கண்மா இருக்குமா?"

"கண்மாய்க்கு அக்கரை இருக்குல்ல. அதுக்குக் கெடையாது."

"அக்கர இல்லாம எப்பிடிண்ணே? தண்ணி எங்கிட்டுப் போயி நிக்கும்?"

சோலை கஞ்சியைக் குடித்தபடியே யோசித்தான். இருபது வருஷம் கடற்கரையில் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. "ஒரு வாய் குடிக்க முடியாது. அம்புட்டும் உப்பு" என்றான்.

"ஆத்தி! அம்புட்டுத் தண்ணியும் உப்பா? எவன் போட்டான்?"

அன்றையிலிருந்து அவளுக்கு அதே நினைப்பாய்ப் போயிற்று. புளி தட்டும்போதெல்லாம் அக்கரை இல்லாத தண்ணீர்.

ஆவணியில் ஸ்பெஷல் ஆபீசரே காரில் வந்தார். கடலோரப் பட்டணத்தில் அந்தத் திட்டத்தைப் போட்ட கை அவருடைய கை. ரோட்டின் மேல் நாற்காலி போட்டு அவரை ஏற்றினார்கள். ஜனங்கள் கீழே ஓடையில் உட்கார்ந்தார்கள்.

"ஜனங்களே! எங்கள் பட்டணத்தில் புயல் வந்தபோது பதினாலு தெரு போயிற்று. ஜனச்சேதம் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் என் ஆபீசில் ஒரு தாள் நனைந்ததா? நனையவில்லை! ஏன்? ஆபீஸ் மாடியில் இருந்தது. இதற்குப் பெயர்தான் முன்யோசனை."

ஜனங்கள் கை தட்டினார்கள். சேவகன் தட்டச் சொல்லியிருந்தான்.

"வெள்ளத்தை நிறுத்துவது என் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளம் இயற்கை. அதை நிறுத்த நாம் யார்? வந்த வெள்ளம் எந்த டிபார்ட்மெண்டைச் சேர்ந்தது என்று பிசகில்லாமல் சொல்வதுதான் என் வேலை. உப்பாக இருந்தால் கடல் டிபார்ட்மெண்ட். உப்பில்லாவிட்டால் மழை டிபார்ட்மெண்ட். இது தெரியாமல் ஒரு பாலத்தைக் கட்டிவிட்டால், நாளைக்கு அது யாருடைய பாலம்? அப்பா பெயர் தெரியாத பிள்ளை மாதிரி அந்தப் பாலம் நிற்க வேண்டுமா?"

பாலம் அப்படி நின்றாலும் தேவலை என்றுதான் கருப்புக்குத் தோன்றியது.

அன்றைக்கு மூன்று காரியம் நடந்தது. கருப்பு வாசலில் தண்ணீர் உயரம் பார்க்க ஒரு அளவுக்கல் நட்டார்கள். ரோட்டில் ஒரு பலகை அடித்தார்கள்: இந்த இடம் மனு விசாரணையில் இருக்கிறது, உத்தரவில்லாமல் மண்ணைத் தொடுகிறவர்கள் ஆறு மாதம் கடுங்காவல். மூன்றாவதாக, பெட்டியைத் திறந்து ஒரு சீசாவை எடுத்தார்கள். உள்ளே தண்ணீர். வாயில் தக்கை, தக்கை மேல் சிவப்பு அரக்கு, அரக்கு மேல் கிரீடம் போட்ட முத்திரை.

"இது அசல் கடல் தண்ணி" என்றார் சொக்கலிங்கம். "ஏழாவது கேள்வி: 'வெள்ள நீரின் சுவை உப்பா, உப்பில்லையா?' வாய்க்கு வந்ததச் சொல்லப்படாது. வெள்ளத் தண்ணியையும் கடல் தண்ணியையும் ஒரே நாக்கு ருசி பார்த்துச் சொல்லணும். அதிகாரி வருவாரு. வர்ற வரைக்கும் சீசா ஒம் பொறுப்பு. முத்திரை கலைஞ்சா ஒரு வருஷம். சீசா ஒடஞ்சா ரெண்டு வருஷம். ரேகை வை."

ரேகை வைத்தான். கூடவே அவனுக்கு அலைக் காவலன் என்று ஒரு பித்தளை வில்லையும் கொடுத்தார்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கண்மாய்க் கரையில் நின்று, தண்ணீர் ஏறியிருந்தால் நோட்டில் மேலே ஒரு கோடு, இறங்கியிருந்தால் கீழே ஒரு கோடு போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கோடு போடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆவணிக் கண்மாயில் முழங்கால் தண்ணீர் கிடந்தது. எருமைகள் இறங்கினால் ஏறிற்று. எருமைகள் ஏறினால் இறங்கிற்று. கருப்பு ஒழுங்காகக் கோடு போட்டான். அந்த நோட்டைப் பார்த்து ஸ்பெஷல் ஆபீசர் மிகவும் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார்கள்.

சீசாவை உறியில் வைத்து, முருகம்மாள் உட்காருகிற இடத்துக்கு மேலே கூரையில் கட்டினான். அவள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கடல வீட்டுக்கே கொண்டாந்துட்டியேய்யா. ஒரே ஒரு சொட்டு. நாக்கு நுனியில."

"முத்திரைடி. கலைஞ்சா ஒரு வருஷம்."

"தக்கையில ஊசியக் குத்தி எடுத்தா?"

"ஊசி குத்தினதயும் கண்டுபுடிப்பானுக. அவனுகளுக்கு வேற வேல என்ன இருக்கு?"

"பின்ன என்னைக்கித்தான் நான் கடலப் பாக்க?"

"பொறுடி. ருசி பாக்க அதிகாரி வருவாருல்ல? அன்னைக்கி முத்திரைய ஒடைப்பாக. மொதச் சொட்டு ஒனக்குத்தான். அவரு கால்ல விழுந்தாவது வாங்கித் தாரேன்."

"விழுகவெல்லாம் வேணாம். சும்மா கேளு" என்றாள்.

ஐப்பசி பிறந்தது. கண்மாய் நிறைந்துகொண்டு வந்தது. நோட்டில் எல்லாக் கோடும் மேலேயே ஏறின. அப்போது ஆபீசிலிருந்து தாக்கீது வந்தது. ஒன்றாவது கேள்வியை முடிவு கட்ட வியாழக்கிழமை கூட்டம். மனுதாரர் நோட்டுடன் ஆஜராக வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி.

வியாழக்கிழமை விடியும்போது நாகமலைக்கு மேலே வானம் எருமை நிறத்தில் இருந்தது. கருப்பு வாசலில் நின்று மலையைப் பார்த்தான், உள்ளே பார்த்தான், மறுபடியும் மலையைப் பார்த்தான்.

"நான் போகலடி."

"போகலைன்னா மனுவத் தள்ளிருவாக. ஒரு வருசம் அலஞ்சது வீணாப் போயிரும். போயிட்டு வெரசா வாய்யா. பக்கத்துல மலையம்மா இருக்கா."

பக்கத்து வீட்டு மலையம்மாள் கூரைக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள். "போண்ணே. தண்ணி வந்தா நான் தூக்கிட்டுப் போறேன். அவ என்ன, ஒரு மூட்டப் புளிதான இருப்பா."

"யாருடி புளி?" என்றாள் முருகம்மாள். பிறகு அவனிடம், "சீசாவப் பத்தி நெனைக்காத. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆறு மைல் நடந்து போய் மாடி வராந்தாவில் உட்கார்ந்தான். உள்ளே கூட்டம் நடந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. கடல் பக்கத்துச் சங்கிலி அளவுக்கும் இந்தப் பக்கத்து அளவுக்கும் எல்லைக்கல்லில் பதினோரு அடி இடிக்கிறது. அந்தப் பதினோரு அடி யாருடையது? காலையில் அந்த ஜில்லாவினுடையது என்று பேசினார்கள். காப்பி வந்தது. பிறகு இந்த ஜில்லாவினுடையது என்று பேசினார்கள். கடைசியில் ஸ்பெஷல் ஆபீசர் சொன்னார்: "பதினோரு அடியைக் கடல் பக்கமே தள்ளிவிடுவோம். கடல் ஆட்சேபம் செய்யாது." எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றாவது கேள்வி முடிந்தது. இரண்டு முதல் ஆறு வரை எல்லாம் அலையைப் பற்றி. எருமைக் கோடுகளை வைத்து அரைமணியில் முடித்துவிட்டார்கள்.

கருப்பு அதைக் கேட்கவில்லை. மேற்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் மழை சுவராக நின்றது.

எழுந்து உள்ளே ஓடி ஸ்பெஷல் ஆபீசர் காலில் விழுந்தான். "எசமான், மலையில கொட்டுது. கலுங்கு தாங்காது. ரோட்ட ஒரு எடத்துல வெட்டிவிட உத்தரவு குடுங்க. நானே வெட்டி நானே அடைச்சிருதேன். எம் பொஞ்சாதி நடக்க மாட்டா எசமான்."

ஸ்பெஷல் ஆபீசர் கோபப்படவில்லை. நல்ல மனுஷர். அவனை எழுப்பிவிட்டு, மேஜையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இப்போது மணி ஒன்றேகால். கடல் ஏறியிருக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கடல் வாங்காது, திருப்பி அனுப்பிவிடும். உனக்குத்தான் ஆபத்து. நாலு இருபதுக்குக் கடல் இறங்குகிறது. நாலு இருபதுக்கு வெட்டலாம் என்று உத்தரவு தருகிறேன்."

"எசமான், கடலு எங்கயோ இருக்கு…"

"அறுபத்தெட்டு மைல், மூன்று பர்லாங்" என்றார் சொக்கலிங்கம். அன்றைக்குக் காலையில்தான் முடிவான எண். சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

உத்தரவை டைப் அடித்தார்கள். நாலு இருபது என்று எண்ணால் போட்டது போதாதென்று எழுத்தால் போட மறுபடியும் அடித்தார்கள். கையெழுத்து, முத்திரை. மணி மூன்று ஆயிற்று. கருப்பு அந்தத் தாளை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு ஓடினான். ஓடுகிறவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

பொழுது சாயும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டான். ரோட்டில் அகலமாக ஒரு வெட்டு. அதன் வழியே செம்மண் தண்ணீர் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. பேயாண்டி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் மண். அந்தப் பக்கத்தில் முப்பது கூரை இருந்த இடத்தில் இருபதுகூட இல்லை.

"உத்தரவு வாங்கியாந்துட்டேன்ய்யா. நாலு இருவதுக்கு வெட்டலாமாம்" என்றான் கருப்பு. வேட்டிக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

பேயாண்டி அவனைப் பார்க்கவில்லை. "மேகம் கட்டினப்பவே மம்பட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்டா. இந்தப் பலகையப் பாத்தேன். மனு ஒம் பேருல இருக்கு. நான் வெட்டினாலும் ஒன்னையத்தான புடிப்பானுக. அத நெனச்சு நின்னுட்டேன். ஒரு நாழிக நின்னுட்டேன்டா கருப்பு. தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. அதுக்கப்புறந்தான் வெட்டினேன்."

முருகம்மாளை ரோட்டின் மேல் கிடத்தியிருந்தார்கள். அந்த ஊரில் காய்ந்து கிடந்த இடம் ரோடு ஒன்றுதான். நல்ல ரோடு என்று முன்னாலேயே சொன்னேன்.

தலைமாட்டில் மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துக் குரல் போயிருந்தது. கேட்காமலே சொன்னாள்.

"சொவரு கரைஞ்சு போச்சுண்ணே. நான் வாசல் வேப்பமரத்தப் புடிச்சுக்கிட்டு அவளுக்குக் கைய நீட்டினேன். ரெண்டு கையயும் குடு ஆத்தா, இழுத்துருவேன்னேன். ஒரு கையத்தான் குடுத்தா. இன்னொரு கையில சீசா. போட்டுட்டுக் குடுடின்னு கத்தினேன். 'ஒடஞ்சா அவருக்கு ரெண்டு வருசம்'ன்னா. ஒத்தக் கை வழுக்கிருச்சுண்ணே. அம்புட்டுப் பெலமான கை. ஒத்தக் கையா குடுத்துட்டா."

அவள் வலது கையில் சீசா இன்னும் இருந்தது. விரல்களைப் பிரிக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

இடுகாடு தண்ணீருக்குள் இருந்தது. வடிய வேண்டும் என்று விடிய விடிய ரோட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மதுரைப் பக்கமிருந்து கார் வந்தது. வெட்டு வரைக்கும் வந்து நின்றது. ஸ்பெஷல் ஆபீசரும் சொக்கலிங்கமும் பலகை போட்டுத் தாண்டி வந்தார்கள்.

ஸ்பெஷல் ஆபீசர் வெட்டைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வெட்டினது?"

"நாலு இருவதுக்கு" என்றார் பேயாண்டி.

"சரியாக?"

"சரியா நாலு இருவதுக்கு. ஒங்க கடல்ட்ட வேணா கேட்டுக்கங்க."

ஆபீசர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். தண்ணீரில் நின்ற அளவுக்கல்லைத் தூரக்கண்ணாடியில் பார்த்து எண் சொன்னார். சொக்கலிங்கம் எழுதினார். பிறகு ஆபீசரின் பார்வை அந்தக் கைக்கு வந்தது. தொப்பியைக் கழற்றினார். குனிந்து பார்த்தார்.

"முத்திரை அப்படியே இருக்கிறது! கிரீடம்கூட அழியவில்லை. இத்தனை வெள்ளத்திலும்! மிஸ்டர் சொக்கலிங்கம், இந்த அம்மாளின் பொறுப்புணர்ச்சியைப் பற்றி ரிப்போர்ட்டில் நாலு வரி சேர்க்க வேண்டும்."

கருப்பு நகர்ந்து வந்தான். அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். மெதுவாகத்தான் பிரித்தான், வலிக்கும் என்கிற மாதிரி. சீசாவை எடுத்தான். அரக்கைப் பல்லால் கடித்துத் துப்பினான்.

"ஏய்! என்ன செய்கிறாய்?" என்றார் ஆபீசர்.

தக்கையைக் கடித்து இழுத்தான். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். அவள் வாயைத் திறந்து, விரலைத் தொட்டு, நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தான்.

"மொதச் சொட்டுடி" என்றான்.

மலையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பேயாண்டி திரும்பி மலையைப் பார்த்தார். ஆபீசர், சர்க்கார் சொத்து, ஒரு வருஷம், சாட்சி என்று என்னென்னவோ சொல்லிவிட்டு அவராகவே நிறுத்திக்கொண்டார். கருப்பு சீசாவில் மீதி இருந்ததை ரோட்டு வெட்டில் கவிழ்த்தான். அது கிழக்கே போயிற்று.

சொக்கலிங்கத்துக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. வீட்டில் அவருக்கும் பெண்சாதி உண்டு. ஆனால் கையில் தாள் இருந்தது. தாளில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் குத்தவைத்து, தணிந்த குரலில்தான் கேட்டார்.

"கருப்பு, தப்பா நெனச்சுக்காதப்பா. ஒன் வீட்டுக்குள்ள வந்த தண்ணி உப்பா, உப்பில்லையா? அத மட்டும் சொல்லிரு. ரெண்டையும் ருசி பார்த்த நாக்குத்தான் சொல்லணும். அதான் விதி."

கருப்பு நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"ரெண்டையும் ருசி பாத்தது அவ ஒருத்திதான் சாமி. அவளக் கேளுங்க."

சொக்கலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு பென்சில் முனையை நாக்கில் தொட்டு, ஏழாவது கட்டத்தில் எழுதினார்: 'சம்பந்தப்பட்டவர் பதில் சொல்லவில்லை.'

தாளைத் திருப்பி, எட்டாவது கேள்விக்குப் போனார்.